அம்மாவுக்காக நான் போட்ட கையெழுத்து

எங்கள் வீட்டில் சோறு நேரத்துக்கு வெந்ததில்லை. அடுப்பில் வைக்க வேண்டிய விறகை அம்மா அடுப்பில் வைக்காததுதான் காரணம்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு மேலே, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த மலையில் கிழட்டுத் தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிடுங்கிய வேர்களை யார் வேண்டுமானாலும் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட செடிகள். கல்லைச் சுற்றியும் பாறையில் முட்டியும் வளர்ந்த வேர்கள். நேராக ஒரு முழத்தை அவற்றில் பார்க்க முடியாது. மற்ற வீடுகளில் கோடாலியால் பிளந்து எரித்தார்கள். அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “இது வேணாம், இதுல ஒரு கொக்கு நிக்குது” என்று ஓரமாக வைத்துவிடுவாள். அடுத்ததில் உடும்பு படுத்திருக்கும். மழை நாட்களில் கொக்கும் உடும்பும் முயலும் சுவரோரம் சாய்ந்திருக்க, நாங்கள் பசியோடு அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்பாவுக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. தேய்ந்து மெலிந்துபோன அவருடைய பழைய கவ்வாத்துக் கத்திதான் அம்மாவின் உளி. உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி வெயிலில் வைப்பாள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த விரல்கள் சாயங்காலம் இதையும் செய்தன. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. லயத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா, தன் பிள்ளை அழுதால் ஒரு முயலை வாங்கிக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது முயலுக்குக் காது இருக்காது.

உப்புத்தாள் வாங்குவது பதுளை டவுனில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் இரும்புக்கடையில். ஒருமுறை அம்மா அவருக்கு ஒரு கொக்கைக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணாடி அலுமாரியில், பூட்டுகளுக்கும் கொண்டிகளுக்கும் நடுவே நிறுத்திவைத்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பூட்டு வாங்கப்போய் அந்தக் கொக்கைப் பார்த்தார். கைவேலைக் கண்காட்சிகள் நடத்துகிற கூட்டத்தைச் சேர்ந்தவராம். அப்படித்தான் அம்மாவுக்குக் கொழும்புப் பயணம் வாய்த்தது.

நானாவும் அவருடைய மனைவியும் கொழும்பில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்கள். “ஏதோ என் கத்தியாவது கொழும்பு பாக்குது” என்றார் அப்பா. அந்த நான்கு நாளும் அவர்தான் சமைத்தார். சோறு நேரத்துக்கு வெந்தது. ஆனால் வாயில் வைக்க முடியவில்லை.

அம்மா திரும்பி வந்தபோது லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. கடல் எப்படி என்று கேட்டார்கள். “சும்மா ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குது. பாத்துக்கிட்டே இருந்தா நமக்குத்தான் கால் வலிக்குது” என்றாள். ஜனங்கள் எப்படி என்று கேட்டதற்கு, “கொழுந்து நிறுக்க ஓடுற மாதிரியேதான் எல்லாரும் ஓடுறாங்க. ஆனா முதுகுல கூடையக் காணோம்” என்றாள். கண்காட்சியில் அவளை ஒரு பாய் போட்டு உட்காரவைத்து எல்லோருக்கும் முன்னால் செதுக்கச் சொன்னார்களாம். ஒரு சீமாட்டி யானை வேண்டும் என்று கேட்டாராம்.

“நீ என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“எங்க மலை வேருக்குள்ள யானை இல்லீங்கன்னேன்.”

அங்கேதான் அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். பெருவிரலை மையில் அழுத்தப் போனவளிடம், பெயர் எழுதினால் நன்றாக இருக்கும் என்று யாரோ ஒரு பெண் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் காட்டியிருக்கிறார். அம்மா அதை எழுதவில்லை, செதுக்கினாள். ஒவ்வொரு கோட்டையும் கீழேயிருந்து மேலே, தனித்தனியாக, பென்சில் முனை தாளைக் கிழிக்கும்படி. எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருக்கும். நான் அப்போது ஆறாம் வகுப்பு. வகுப்பிலேயே என் எழுத்துதான் அழகு.

பிறகு ஒருமுறை கண்டிக்கும், இன்னொரு முறை கொழும்புக்கும் போய்வந்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. நானா அதை வாசித்துத் தமிழில் சொன்னார். மதராசில் பத்து நாள் கைவேலைக் கண்காட்சி. இங்கிருந்து ஆறு பேரை அனுப்புகிறார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. பாஸ்போர்ட்டை மட்டும் அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று மாலையே அம்மா மூலையிலிருந்த பெரிய வேரை இழுத்து வெளியே போட்டாள். இரண்டு நீளக் கிளைகள் சேர்ந்தாற்போல ஓடுகிற வேர் அது. அதில் என்ன இருக்கிறது என்று வெகுநாளாகத் தெரியாமல் வைத்திருந்தாள். இப்போது தெரிந்துவிட்டது. கால்களை நீட்டி உட்கார்ந்து, அந்தக் கால்களின் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுகிற ஒரு பெண். பிள்ளை இருந்த இடத்தில் மரமே முடிச்சு விழுந்து உருண்டிருந்தது.

“இது யாரு?” என்றேன்.

“நீதான். என்னா கத்து கத்துவ தெரியுமா?”

நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் அம்மா கப்பலில் மதராஸ் போகிறாள். எனக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை வாங்கி வருவாள். ரிப்பன் தருவதாக நான் வாக்குக் கொடுத்த தோழிகளின் எண்ணிக்கை கூடக்கூட அம்மா கொண்டுவர வேண்டிய ரிப்பன்களின் எண்ணிக்கையும் கூடியது. எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பெண் அதற்கு முந்திய மாதம்தான் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போயிருந்தாள். போகிற அன்று அவள் ஏன் அப்படித் தேம்பித் தேம்பி அழுதாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. கப்பலில் ஏறப்போகிறவள் அழுவாளா?

பாஸ்போர்ட் விஷயமாக விசாரிக்க அப்பாவும் அம்மாவும் டவுனுக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனுஷர். அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

“எந்த நாட்டுப் பிரஜை?”

“நம்ம ஸ்பிரிங்வெளிதாங்க ஐயா. என்னையப் பெத்ததும் அந்த லயத்துலதான்.”

“பொறந்த எடத்தக் கேக்கலம்மா. பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கா?”

அப்பா முன்னால் வந்தார். “மனுப் போட்டிருக்கோமுங்க. வருசக்கணக்காச்சு. இந்த நாட்டுலயே இருக்கோம்னுதான் எழுதிக் குடுத்தோம். பதில் வரல.”

அவர் பேனாவை மூடிவைத்தார். “பதில் வராம இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கெடைக்காது. இந்தியாவுக்கே போயிர்றோம்னு எழுதிக் குடுத்தா அவங்க நாட்டுப் பாஸ்போர்ட் குடுப்பாங்க. குடும்பத்தோட போகலாம்” என்று மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

“போயிட்டு எப்பங்க திரும்பி வரலாம்?” என்று அம்மா கேட்டாள்.

அவர் அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். “அது போறதுக்கு மட்டுந்தாம்மா.”

அப்பா படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது அப்பா அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கோ சந்தோஷம் தாளவில்லை. போவதற்கு மட்டும்தான் என்று அவர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் படவில்லை. நாங்கள் கேட்டதும் போவதற்குத்தானே!

ஆனால் நாட்கள் போயினவே தவிர அந்தப் படிவத்தை யாரும் எடுக்கவில்லை. தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் அது கிடந்தது. அம்மா பழையபடி கொழுந்துக்குப் போனாள், வந்து அந்தப் பெண்ணின் நீட்டிய கால்களைக் கண்ணாடியால் சுரண்டினாள். பள்ளிக்கூடத்தில் தினமும் கேட்டார்கள், “உங்க அம்மா இன்னும் போகலையா?” ஒருத்தி, நான் சொன்னதெல்லாம் புளுகு என்றாள். அம்மாவுக்குக் கப்பல் என்றால் பயம், அப்பாவுக்குச் சோம்பல் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை நான்தான் செய்ய வேண்டும்.

அம்மா கொழுந்துக்குப் போயிருந்த ஒரு பகலில் படிவத்தை எடுத்து நிரப்பினேன். அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர், தவழ்ந்துகொண்டிருந்த தம்பியின் பெயர். நிரந்தரமாக இந்தியாவில் குடியேற விரும்புகிறீர்களா என்ற கேள்விக்குக் குண்டு குண்டாக ‘ஆம்’ என்று எழுதினேன். கீழே அம்மாவின் கையெழுத்தை அவள் போடுவதைவிட அழகாகப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு டவுனுக்குப் போனேன். அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது நான் இரும்புக்கடைக்கு ஓடி, நானாவிடம் ஒரு கடித உறை கேட்டேன். அவர் படிவத்தை வாங்கிப் பிரித்தார். மேலிருந்து கீழே மெதுவாக வாசித்தார்.

“இத யாரு மகள் தந்தது?”

“அம்மா.”

“அம்மாட கையெழுத்தா இது?”

“ஆமாங்க.”

நானா கையெழுத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். அம்மா எழுதினால் தாளின் பின்பக்கம் மேடு தட்டும். “சரி, நான் தபால்ல போடுறன். நீங்க போங்க” என்றார். நான் துள்ளிக்கொண்டு வந்தேன். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நான் யாருக்கும் பயப்படவில்லை.

வாரக் கடைசியில், மழை விட்ட ஒரு பிற்பகலில், நானா எங்கள் லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் மலையேறி வந்ததேயில்லை. சறுக்கும் பாதையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து அம்மா பதறி எழுந்தாள். அவர் படிவத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“தங்கச்சி, இத நீங்க அனுப்பச் சொன்னதெண்டா நாளைக்கே அனுப்புறன். ஒருக்கா கேட்டுட்டுச் செய்யலாமெண்டு வந்தேன்.”

அம்மா என்னிடம் நீட்டினாள். “என்ன போட்டிருக்கு, படி.”

நான் படித்தேன். நால்வர் பெயரும் வந்தபோது குரல் சரியாகத்தான் இருந்தது. ‘நிரந்தரமாக’ என்ற இடத்தில் திக்கியது. ‘ஆம்’ என்றதும் அப்பாவின் கை ஓங்கியது. அம்மா எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க. நான் போகணும்னுதானே செஞ்சிருக்கா.”

“என்னா செஞ்சிருக்கான்னு அவளுக்குத் தெரியுமா? இது போயிருந்தா நம்ம மனு என்னாகுறது? எல்லாரையும் கப்பல்ல ஏத்தியிருப்பானுங்களே!” அப்பாவின் குரல் உடைந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை.

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்தாள். அவள் கையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. “எழுத்து அழகாத்தான்டி இருக்கு. போனா எங்க எறங்குவ?”

“மதராஸ்ல. எக்சிபிசன்ல.”

“எக்சிபிசன் பத்து நாளு. பதினோராம் நாளு?”

பதினோராம் நாள் பொம்மையோடு வீட்டுக்கு வரவேண்டியதுதானே என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்லவேளை. அப்பா படிவத்தை வாங்கி அடுப்பில் போட்டார். நானா அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

அம்மாவின் மதராஸ் பயணம் அதோடு முடிந்தது. எங்கள் மனுவுக்குப் பதில் வருவதற்கு நான் கல்யாணம் கட்டுகிற வயதுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சிலையை விட்டுவிடக்கூடாது என்று நானா பிடிவாதமாக இருந்தார். கொழும்புக்குக் கடிதம் எழுதினார். ஆள் வராவிட்டாலும் வேலைப்பாடு வரட்டும் என்று பதில் வந்தது. அம்மா இன்னும் இரண்டு வாரம் அதனோடு உட்கார்ந்தாள். குளிப்பாட்டுகிறவளின் முகத்தை மட்டும் மூன்று முறை மாற்றினாள். குனிந்திருந்த முகம் கடைசியில் நிமிர்ந்து, பிள்ளையை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன். “வாசல்ல யாரோ வர்ற மாதிரி இருக்குதுடி, அதான் பாக்குறா” என்றாள்.

சிலையை நானாவின் கடைக்குத் தூக்கிப் போனோம். அப்பா தோளில் வைத்து வந்தார். காய்ந்த மானாப்புல் பரப்பிய பலகைப் பெட்டியில் அம்மாவே அதைப் படுக்கவைத்தாள். கொழும்பிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. பெட்டிமேல் அதை ஒட்டவேண்டும். நானா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். தேயிலை வேர்ச் சிலை, ஒன்று. எடை இவ்வளவு. நாடு, சிலோன்.

“அப்படியா போட்டிருக்கு?” என்றாள் அம்மா.

“ஓம் தங்கச்சி. கண்காட்சி முடிஞ்சதும் திருப்பி அனுப்பப்படும் எண்டும் எழுதி ஈக்கி. சீல் குத்தி ஈக்கி.”

“திருப்பி வந்துருமா? நெசமா?”

“வராம? காயிதம் ஈக்கே. ரெண்டு மாசத்துல இதே கடைக்கு வரும். வேணுமெண்டா திரும்பவும் போகும், திரும்பவும் வரும்.”

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அப்பா மட்டும் சுத்தியலை எடுத்துக்கொண்டு, ஆணி பொறுக்குகிறவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிலை பத்திரமாகத் திரும்பி வந்துவிடும் என்ற சந்தோஷத்தில்தான் அம்மா சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அதனால் நானும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.