தேருக்கு வெட்டி ஒட்டிய லைன்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி லஸ் முதல் மந்தைவெளி வரை கேபிள் இழுத்ததில் என்னை மிஞ்ச மயிலாப்பூரில் ஆள் கிடையாது. பங்குனித் தேர் வரும்போது மாட வீதிகளில் குறுக்கே போகும் கேபிளை வெட்டிவிடுவோம். தேர் நிலைக்கு வந்ததும் ஒட்டிவிடுவோம். வருஷா வருஷம் இப்படித்தான். மற்ற ஆபரேட்டர்கள் மறுநாளும் ஏணியோடு அலைவார்கள். என் வீடுகளில் அன்று சாயங்காலமே படம் தெரியும்.

என் மகள் அடையாறில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். ஒளியை மணி மணியாகக் கண்ணாடி இழையில் அனுப்பினால், யாரும் ஒட்டுக்கேட்க முடியாத வலையை ஊர் முழுக்க அமைக்கலாமாம். அந்த வலையைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. புத்தகத்துக் கணக்கில் நன்றாக ஓடியது. நிஜமான ஊர் கேபிளின் அளவுகளைப் போட்டு ஓட்டிக் காட்டினால்தான் பட்டம் என்றார் அவளுடைய பேராசிரியர்.

"நம்ம லைனும் கண்ணாடி இழதான, அத போடு" என்றேன்.

ஒவ்வொரு ஒட்டிலும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளந்து கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தாள். திரையில் பூஜ்யம்.

"ஒரு தபாவுக்கு எட்டு வெளிச்ச மணி, எட்டும் ஒண்ணா போய்ச் சேரணும் நைனா. ஒண்ணு தொலைஞ்சாலும் மொத்தமும் வேஸ்ட். இத்தினி ஜாயின்ட்ல எட்டும் எங்க தாண்டும்?"

"நடுவுல பூஸ்டர் வெச்சா?"

"இந்த வெளிச்சத்த காப்பி எடுக்க முடியாது. பூஸ்டரே கிடையாது."

"அப்போ ஜாயின்ட்டயெல்லாம் புதுசா போட்டுத் தரேன்."

என் லைன்மேன் ஏணி மேலிருந்தே முனகினான். "இன்னா ஓனரே, படம் சூப்பரா தெரிஞ்சிக்கினு கீது. நல்லா கீறத வெட்ட சொல்றியே, உனக்கு மட்டும் இன்னொரு தேர் வருதா?"

"பேசாம ஒட்டு."

அவ்வளவு சுத்தமாக நாங்கள் ஒட்டியதே இல்லை. மறுபடி அளந்து கொடுத்தேன். கம்ப்யூட்டர் ஓடி முடித்தது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஜாயின்ட் நல்லாத்தான் கீது நைனா. அப்பவும் பத்தல."

"புக்குல இருக்கற நம்பரயே போட்டுக் குடு. எவன் ஏணி ஏறிப் பாக்கப் போறான்?"

"அப்போ அது நம்ம லைன் இல்லியே."

வந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாள். இதற்குப் பட்டம் தர முடியாது என்றுவிட்டார்கள்; கெடுவும் முடிந்திருந்தது. இப்போது வேளச்சேரியில் ஒரு கம்பெனிக்குப் போய் வருகிறாள். சாப்பிடும்போது டிவி பார்க்கிறோம். இன்னொரு தடவை முயன்று பார் என்று சொல்ல வாய் வரை வரும். எந்த லைனை வைத்து என்று கேட்பாள். கேபிள் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லாத கேள்வி அது ஒன்றுதான்.