மீன்பெட்டி ஏற்றிய டர்போ வேகன்

ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கல்முனைச் சந்தைக்குக் கொண்டுவரும் வியாபாரி ஒருவரிடம் பழைய டர்போ வேகன் கார் ஒன்று இருக்கிறது. காருக்கு வயது இருபத்தாறு. கீறல் பதினொன்று, நானே எண்ணினேன். அது முதலில் எனக்குத்தான் விலைக்கு வந்தது. மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிவர, பின்பக்கம் பெட்டிபோல் நீண்ட கார் சரிவராது என்று விட்டுவிட்டேன். அன்று நான் வாங்கிய அழகான காரை இன்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருடைய வேகனைக் கொழும்புக்காரர் ஒருவர் ஒரு கோடிக்குக் கேட்டாராம்.

மீன் வியாபாரி குட்டையான மனிதர். எஞ்சினை நிறுத்துமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் துறைமுகத்தில் என்னை மறித்தார். "சேர், நீங்க படிச்ச ஆள். இது கோடி பெறுமா? குடுத்துடவா?"

"பழைய இரும்புக்கு அது கூடின விலை. குடுத்துடுங்க," என்றேன். அந்த வண்டி என் கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

"ஓடிப் பாக்காமக் கதைக்கிறீங்களே சேர்," என்று சாவியை நீட்டினார்.

நிந்தவூர் வரை ஓடினேன். மூன்றாம் கியரில் மிதித்ததும் முதுகு ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டது. எழுபத்துமூன்று வயதில், தனியே, வாய்விட்டுச் சிரித்தேன்.

திரும்பி வந்து, "குடுக்காதீங்க," என்றேன்.

"ஓம் சேர். விக்க ஏலாதுண்டு நேத்தே அவருக்குச் சொல்லிட்டன்," என்றபடி ஐஸ் பெட்டிகளை ஏற்றினார்.

பிறகு என்னிடம் ஏன் கேட்டார்? என் வயிற்றெரிச்சலைக் கண்டுகொண்டாரா, இல்லை எனக்கும் ஒரு தடவை ஓடக் கொடுக்க நினைத்தாரா?