முன்சக்கரத்தில் இரண்டு புள்ளிகள்

சோளக்காடு சந்தைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் பைக் சாமான்களுக்குப் பவுடர் கோட்டிங் போடுகிற யமுனாவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அடுப்பு சூடேறும் நேரத்தில் கரண்டு போனால் போஸ்ட் கம்பத்தைப் பார்த்தே திட்டுவாள்.

சேலத்தில் கற்றுக்கொண்ட தொழில். பழைய பெயின்டை மணல் அடித்து உரிப்பாள். வெற்று உலோகத்தின் மேல் பவுடரைத் தூவி அடுப்பில் வேகவைப்பாள். வெந்து வெளியே வந்தால் துருப்பிடித்த சாமான்கூடப் புதுசாக மினுக்கும். அந்த மினுக்கத்தின் மேலேயே அவளுக்கு ஒரு கோபம் உண்டு. எந்தக் குறையையும் அது மூடிவிடுமே! அதனால் உரிக்கும்போது விரிசல் தெரிந்தால், கூரான ஆணி வைத்து அதன் நுனிக்கொரு புள்ளி அழுத்தமாகக் குத்திவிடுவாள். மேலே எவன் பூச்சுப் போட்டாலும் அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

பழைய வண்டி வாங்கி விற்கிற முருகானந்தம் ஒரு முன்சக்கரம் கொண்டுவந்தான். உரித்துப் பார்த்தால், அச்சு நுழைகிற நடுக்குடத்தை ஒட்டி விரிசல். வழக்கம்போலப் புள்ளி குத்தினாள்.

"ஏனுங்கண்ணா, இது தாங்காதுங்க. எடைக்குப் போட்டுருங்க."

"கறுப்பா அடிச்சுக் குடு கண்ணு. எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

"கொண்டை ஊசி வளைவுல பிரேக் புடிச்சா ரெண்டாப் போயிருமுங்க. நான் அடிக்க மாட்டனுங்க."

"பெரிய டாக்டரு இவ!" என்று சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எடைக்குத்தான் போடுவான் என்று நம்பினாளே, அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் வண்டிப் பூஜை. வாழவந்தி நாட்டில் மிளகு போடுகிற கலைமணி பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தான். மனைவி சங்கீதா வாயும் வயிறுமாக இருந்தாள். செக்கப்புக்கு மலை இறங்கும்போதெல்லாம் பஸ்ஸில் வாந்தியெடுத்துத் துவண்டு போகிறாளே என்றுதான் வாங்கினான். வண்டிக்கு மாலை, சந்தனப் பொட்டு, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். சங்கீதா பின்சீட்டில் உட்கார்ந்தாயிற்று. பக்கத்தில் பல்லை இளித்துக்கொண்டு முருகானந்தம்.

டீ குடிக்க வந்த யமுனா அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். முன்சக்கரம் மட்டும் புதுக் கறுப்பு. குனிந்து நடுக்குடத்தைத் தடவினாள். ஒரு பள்ளம். விரலை நகர்த்தினாள். இன்னொன்று. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"இறங்கு சங்கீதா!" என்று கத்திவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல காரியத்துல அபசகுனம் பண்றீங்களே, எந்திரிங்கக்கா!" கலைமணிக்கு முகம் சிவந்தது.

"வேலை குடுக்கலைன்னு வயித்தெரிச்சல் அவளுக்கு. நீ வண்டிய எடு சாமி," என்றான் முருகானந்தம்.

யமுனா விருட்டென்று எழுந்தாள். பக்கத்துப் பஞ்சர் கடையில் கிடந்த உளியை எடுத்துவந்து சுரண்டினாள். புதுப் பூச்சு சீவல் சீவலாக உதிர்ந்தது. ஐயையோ என்று கூட்டம் கூச்சல் போட்டது. அவள் நிறுத்தவில்லை. பளிச்சென்று தெரிந்த அலுமினியத்தில், புள்ளிக்குப் புள்ளி கறுப்பாக ஒரு கோடு ஓடியது. விரிசலுக்குள் இறங்கிய பூச்சு அது. கூச்சல் போட்டவர்களே குனிந்து பார்த்தார்கள்.

"யோவ் முருகானந்தம்!" அண்ணா என்கிற மரியாதையெல்லாம் போய்விட்டது. "மாசமா இருக்கற புள்ளையக் கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் சோத்தைத்தான் திங்கறியா? நல்ல சக்கரம்னா உன்ற பொண்டாட்டியப் பின்னால உக்கார வெச்சு நீ மலை இறங்கிக் காட்டு!"

கலைமணி சாவியை உருவினான். முருகானந்தத்திடம் நீட்டினான்.

"ஓட்டுங்க."

முருகானந்தம் சாவியை வாங்கவில்லை. கலைமணி கையை மடக்கவுமில்லை.

சங்கீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மெல்லக் குனிந்து சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். முருகானந்தத்தின் மூஞ்சியைப் பார்த்து வீசினாள்.