அத்தான்ரை ஆபிரிக்கா

என்ரை மனுசன் ஆபிரிக்காவுக்குப் போகவேணும் எண்டு வாய் திறந்தது, கண் டொக்ரரிட்டைப் போட்டு வந்த அண்டைக்கு. லாசாலிலை எங்கடை அப்பாட்மென்ற் வாசலிலை காரை நிப்பாட்டிப்போட்டு இறங்காமல் இருந்தார். கண்ணுக்குள்ளை அழுத்தம் கூடி, பார்வை கரையிலையிருந்து உள்ளுக்குக் குறைஞ்சுகொண்டு வருதாம். நேரை பாத்தால் எல்லாம் வடிவாத் தெரியும், ரெண்டு பக்கத்தாலையும் வாறதுதான் தெரியாது. பங்குனியிலை திரும்பப் பரிசோதிப்பினம். அதுவரைக்கும் பகலிலை கார் ஓடலாம். அதிலை இன்னும் குறைஞ்சிருந்தால் லைசென்ஸ் போயிடும் எண்டு டொக்ரர் சொல்லிப்போட்டார்.

மொன்றியலுக்கு வந்த காலந்தொட்டு ஓடிக்கொண்டிருக்கிற மனுசன். முதல் பீட்சா, பேந்து டாக்சி, பேந்து பள்ளிக்கூட பஸ். ஸ்னோவுக்குள்ளையும், ரோட்டு வேலை எண்டு வருசம் முழுக்க ரோட்டிலை நிக்கிற அந்தச் செம்மஞ்சள் கூம்புகளுக்குள்ளையும் அவர்ரை சீவியம் போச்சு. "ஒருக்கா எண்டாலும் சிக்னலும் கூம்பும் இல்லாத ரோட்டிலை, யானை குறுக்கை போற இடத்திலை, நானே ஓடிக்கொண்டு போகவேணும்" எண்டார். கண்ணாடிக்கு வெளியிலை பாத்துக்கொண்டுதான் சொன்னவர், என்னைப் பாக்கேல்லை.

எல்லாம் முதலே யோசிச்சு வைச்சிருந்திருக்கிறார், கள்ளன். கென்யாவிலை மேலை கூடாரம் கட்டின ஜீப் வாடகைக்கு எடுக்கலாமாம். நைரோபியிலையிருந்து அம்போசெலி, அங்கையிருந்து மேற்குச் சாவோ, பேந்து கிழக்குச் சாவோ, மூண்டும் மிருகக் காடுகள், எல்லாம் ரோட்டாலை. மாசியிலை போனால் மழை இல்லை, புல்லுக் காய்ஞ்சு மிருகம் வடிவாத் தெரியும். எங்கடை ஊரைப் போலை இடப்பக்கம்தான் ஓடுறது. பங்குனிக்கு முதல் போட்டு வந்திடலாம். கண் விசயம் மட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினார். தெரிஞ்சால் சனம் கரட் ஜூசோடை வந்து வரிசையிலை நிக்கும், அவருக்கு அது சாகிறதிலும் கேவலம்.

நான் கண்ணைப் பற்றிச் சொல்லேல்லை. ஆபிரிக்காவைப் பற்றி மட்டும் அக்காவுக்குச் சொன்னனான். சொல்லாமல் போனால் அது எங்கடை ஆக்களுக்குள்ளை கொலைக்குற்றம். அக்கா தன்ரை மனுசனுக்கு, எங்கடை அத்தானுக்குச் சொன்னா. அதோடை பயணம் எங்கடை கையை விட்டுப் போச்சு.

அத்தான் ஓய்வுபெற்ற இஞ்சினியர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலை, கோயிலுக்குக் கிட்ட பெரிய வீடு. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கேக்கை அவர்ரை பேஸ்மென்ரிலைதான் குடியிருந்தனாங்கள். அதாலை இவர் அத்தானுக்கு முன்னாலை இண்டைவரைக்கும் "இல்லை" எண்ட சொல்லைப் பாவிச்சதில்லை. ரொறன்ரோக் கோயிலுக்குக் கோச் பஸ், நயகராவுக்குக் கோச், ஆயிரம் தீவுக்குக் கோச் எண்டு அத்தான் கொண்டுபோகாத இடமில்லை. கழுத்திலை ஒரு விசிலும் போட்டிருப்பார். நயகரா நீர்வீழ்ச்சியை நான் முழுசாப் பாத்ததில்லை. பாக்கத் தொடங்கினவுடனை விசில் ஊதிப்போடுவார்.

அண்டைக்குப் பின்னேரமே வட்ஸ்அப்பிலை ஒரு குழு முளைச்சிட்டுது. படத்துக்கு ஒரு சிங்கமும் பக்கத்திலை பிள்ளையாரும். நாங்கள் ரெண்டு பேர் போக நினைச்ச பயணத்துக்கு ஒரு கல்யாண வீட்டுச் சனம் சேந்திட்டுது. காலமை எழும்பினால் "இனிய காலை வணக்கம்" எண்டு பூப்படம், பேந்து சிங்கம் மாட்டைக் கடிக்கிற வீடியோ, பேந்து அதுக்கு ஆரோ போட்ட கூப்பின கை. ஆபிரிக்காவைப் பற்றி ஒரு உருப்படியான கதை அதுக்குள்ளை நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிய, அத்தான்ரை பேஸ்மென்ரிலை. வடையும் தேத்தண்ணியும் வந்தது. அத்தான் பெரிய ரீவியிலை கென்யாவின்ரை வரைபடத்தைப் போட்டார். எந்த மிருகம் எங்கை நிக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. "அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" எண்டதுதான் முதல் கேள்வி. எங்கடை சனம் நிலவுக்குப் போனாலும் இதைக் கேட்டுப்போட்டுத்தான் ரிக்கற் எடுக்கும்.

இருந்தவை எண்டதுதான் ஆச்சரியம். ஒருத்தியின்ரை மச்சாளின்ரை சம்பந்தி மொம்பாசாவிலை கடை வைச்சிருக்கிறாராம். இன்னொருத்தற்ரை பெறாமகன் நைரோபியிலை பாங்கிலை வேலையாம், அவனுக்குக் கல்யாணம் பேசுகினமாம், பெடியனையும் ஒருக்காப் பாத்த மாதிரி இருக்கும். நைரோபியிலை கோயிலும் இருக்காம். அத்தான் இதெல்லாத்தையும் ஒரு கோடு போட்டு இணைச்சார். கோடு வடிவாத்தான் வந்தது. ஆனால் மூண்டு காடும் கோட்டுக்கு வெளியிலை நிண்டுது.

"அம்போசெலி வழியிலை வராது" எண்டார் அத்தான், அது எங்கையோ பிழையான இடத்திலை கிடக்கிற மாதிரி. சாவோவின்ரை பேரைக் கேட்டவுடனை அக்கா நெஞ்சிலை கையை வைச்சா. பேரே இப்பிடி இருக்கு, அங்கை போறதோ எண்டு கேட்டா. கடைசியிலை மிருகத்துக்கு எண்டு ஒரே ஒரு பின்னேரம் ஒதுக்கிச்சினம், நைரோபிக்கு ஓரத்திலை, மாடிக்கட்டிடங்கள் தெரியிற ஒரு பூங்காவிலை. கோயிலாலை பழக்கமான ஒரு சென்னைத் தம்பதியும் வந்திருந்தினம். அந்தம்மா ஏற்கெனவே போய் வந்தவ. "சஃபாரின்னா ஒரு நாள் போதுங்க, ரெண்டாவது நாளும் அதே மான்தான்" எண்டு அவ சொல்ல, எல்லாருக்கும் பெரிய நிம்மதி.

பேந்து சாப்பாட்டுப் பிரச்சினை வந்தது. சோறு அவிக்கிற குக்கர் ரெண்டு கொண்டுபோறது, மிளகாய்த்தூள் ஆளுக்கு ஒரு பை, வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் இல்லை. அந்தக் காட்டிலை வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுறது சிங்கம் மட்டும்தான் எண்டு நான் சொன்னன், ஒருத்தரும் சிரிக்கேல்லை. கக்கூஸ் எப்பிடி எண்டு கேட்டதிலை மட்டும் முக்கால் மணித்தியாலம் போச்சு. சிங்கத்துக்குப் பயப்பிடாத சனம் பத்தைக்குப் பின்னாலை குந்திறதுக்கு அப்பிடிப் பயப்பிட்டுது.

வாகனத்துக்கும் அத்தான் முடிவு வைச்சிருந்தார். ஏசிக் கோச், றைவரோடை, மைக்கும் இருக்கவேணும், போற வழியிலை பாட்டுக்குப் பாட்டு வைக்க. இவர் மெல்ல வாயைத் திறந்தார். ஒரு ஜீப் எடுத்தால் தான் பின்னாலை ஓடிக்கொண்டு வரலாம் எண்டார். அத்தான் இவற்ரை தோளிலை தட்டினார். பாசமாய்த்தான் தட்டினவர், அதைச் சொல்லத்தான் வேணும்.

"நீர் ஏன் ஓடுறீர்? சீவியம் முழுக்க ஓடினது காணாதே? பின்சீற்றிலை காலை நீட்டிக்கொண்டு வாரும்."

"ஓம் அண்ணை" எண்டார் இவர்.

பத்தாக்குறைக்குத் திகதி. மாசியிலை சிவராத்திரி, ஏலாது. பங்குனியிலை திங்கக்கிழமை விரதம். சித்திரையிலை வருசப்பிறப்பு. வைகாசி, ஆனியிலை ரெண்டு கல்யாணவீடு. ஆடி, ஆவணியிலை கோயில் திருவிழா, தேரை விட்டிட்டு யானை பாக்கப் போறதோ எண்டு அத்தான் கேட்டார். புரட்டாசிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கவேணும். இப்பிடியே உருட்டிக்கொண்டு போய் அடுத்த ஐப்பசியிலை கொண்டுபோய் நிப்பாட்டிச்சினம். அங்கை எப்ப மழை, எப்ப வெயில் எண்டு கேக்க அந்தப் பேஸ்மென்ரிலை ஒரு சீவன் இல்லை. பங்குனிக்குப் பிறகு எந்த மாசமும் இவருக்கு ஒண்டுதான் எண்டு எனக்கு மட்டும் தெரியும். இவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்துக்கொண்டு, "ஐப்பசி நல்லதுதான்" எண்டார்.

திரும்பி வரேக்கை நெடுஞ்சாலையிலை லேன் மாறுறதுக்கு முழுக் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தார். முந்தி கண்ணை மட்டும் ஒருக்காத் திருப்புவார். நான் பாத்துக்கொண்டே இருந்தன். லாசாலுக்குக் கிட்ட வரேக்கை எனக்கு அடக்க முடியேல்லை.

"மாசியிலை நாங்கள் ரெண்டு பேரும் போறம்" எண்டன்.

"அண்ணை என்ன நினைப்பார்?"

"அவர் என்னத்தையும் நினைக்கட்டும். அவற்ரை கண் நல்லாத்தானே இருக்கு."

அடுத்த நாள் பின்னேரம் நான் வேலையாலை வந்து பாக்க, ஜீப்புக்கு எழுதிப் போட்டிருந்தார்.

குழுவிலையிருந்து விலகிறது எண்டது எங்கடை ஆக்களுக்குள்ளை விவாகரத்து மாதிரி. நான் விலகினதை அந்த வட்ஸ்அப் எல்லாருக்கும் அறிவிச்சுப்போட்டுது. தேத்தண்ணி ஊத்தி முடிய முதலே ரெலிபோன் அடிக்கத் தொடங்கிச்சு. என்ன பிரச்சினை, ஊர்க் காணியோ, சீதனக் கதையோ எண்டு துருவித் துருவி விடுப்புக் கேட்டினம். புரோசார்ட்டிலை இருக்கிற ஒருத்தி, நாங்கள் விவாகரத்து எடுக்கிறதாகவே கேள்விப்பட்டாவாம், பாவம், அழுதா. வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் எல்லாம் முடிஞ்சிடும். சத்தியம் செய்து குடுத்திட்டன், சொல்லேலாது. அதாலை புருசனைக் குடும்பத்திலையிருந்து பிரிச்செடுத்த ராட்சசி எண்ட பட்டம் எனக்கு. அக்கா கோயிலிலை என்னைக் கண்டால் நவக்கிரகத்தை இன்னொரு சுத்துச் சுத்துவா. அது எனக்கு உண்மையாவே நொந்தது. இப்பவும் நோகுது.

மாசியிலை, தலைக்கு மேலை ஸ்னோ குவிஞ்சு கிடக்கேக்கை, வெளிக்கிட்டம். நைரோபியிலை ஜீப்பைக் கண்டவுடனை இவர் அதைச் சுத்திச் சுத்தி வந்தார், ரயரைத் தட்டினார், பொனற்றைத் திறந்து மூடினார். வலப்பக்கத்து ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கொண்டு அவர் சிரிச்ச சிரிப்பை நான் எங்கடை கல்யாணப் படத்திலையும் காணேல்லை. அம்போசெலியிலை ரோட்டெல்லாம் வெள்ளைப் புழுதி. மெல்ல, ஆறுதலாத்தான் ஓடினார். வரிக்குதிரை கடக்கட்டும் எண்டு நிப்பாட்டி, மொன்றியல் டாக்சிக்காரர் ஒருத்தரும் மனுசருக்குக் காட்டாத மரியாதையோடை பாத்துக்கொண்டிருந்தார். மேற்குச் சாவோவிலையும் ஒரு குறையில்லை. அத்தான் வந்திருந்தால் இவ்வளவுக்கு மூண்டு தரம் விசில் ஊதியிருப்பார் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சம்.

கிழக்குச் சாவோவிலை மண் முழுக்கச் சிவப்பு. யானையள் அந்த மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டு, பத்தையோடை பத்தையா நிக்கும். காலமை, நல்ல வெளிச்சம். என்ரை பக்கத்திலை, இடப்பக்கம், ரோட்டை ஒட்டி ஒரு தாயும் குட்டியும் நிண்டுதுகள். நான் கண்டிட்டன். அவரும் கண்டிருப்பார், கிட்டப் போய் நிப்பாட்டுவார் எண்டு இருந்தன். அவர் நிப்பாட்டேல்லை. குட்டி ரோட்டிலை காலை வைச்சிட்டுது.

"நிப்பாட்டுங்கோ" எண்டு கத்தினன்.

பிறேக்கை அடிச்சார். புழுதி எங்களுக்கு முன்னாலை போச்சு. புழுதி அடங்க, குட்டி பொனற்றுக்கு முன்னாலை நிண்டுது, தாய் காதை விரிச்சுக்கொண்டு எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டுது. பேந்து ரெண்டும் தங்கடை பாட்டிலை கடந்து போச்சுதுகள்.

"எங்கையிருந்து வந்தது?" எண்டு இவர் கேட்டார்.

இப்பதான் பத்தைக்குள்ளாலை வந்தது எண்டு சொன்னன். என்ரை முகத்தை, முழுக்கழுத்தையும் திருப்பி, நல்லாப் பாத்தார். பொய் எண்டு விளங்கீட்டுது. எஞ்சினை நிப்பாட்டினார்.

"இனி நீ ஓடு" எண்டார்.

வாடகைப் பத்திரத்திலை ரெண்டாவது சாரதி எண்டு என்ரை பேரையும் போட்டுத்தான் வைச்சிருந்தது. ஆனால் காட்டுக்குள்ளை வாகனத்தாலை இறங்கக்கூடாது எண்டு வாசலிலையே எச்சரிச்சு விட்டவை. அதாலை அறுபது வயதுக் கிழடுகள் ரெண்டு, கியர்க் கம்புக்கு மேலாலை, ஒராளிலை ஒராள் ஏறி விழுந்து இடம் மாறினம். என்ரை முழங்கால் அவற்ரை வயித்திலை, அவற்ரை முழங்கை என்ரை வாய்க்குள்ளை. கோர்ண் வேறை பாம் பாம் எண்டு அடிபட்டுது. ஒருக்காச் சிரிக்கத் தொடங்கி நிப்பாட்டேலாமல் போச்சு.

கியர் வாகனம் நான் ஓடி எத்தினையோ வருசம். ரெண்டு தரம் எஞ்சின் நிண்டுது. மூண்டாந்தரம் உருண்டுது. அவர் கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியிலை நீட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பி, கண்டதை எல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கை பார் ஒட்டகச்சிவிங்கி, மரத்துக்குப் பின்னாலை, இல்லையில்லை நீ பாக்காதை, ரோட்டைப் பார், நான் சொல்லுறன். ஆறுதலாப் போ, நான் எல்லாத்தையும் பாக்கவேணும் எண்டார். எனக்கு ரோட்டும் வடிவாத் தெரியேல்லை, அழுதுகொண்டுதான் ஓடினனான். அவருக்கு அது தெரியாது. நான் அவருக்குப் பக்கத்திலை இருந்தனான்.