இருபது கோதும் ஒரு அடுப்பும்

பிள்ளையளே, டோர்ட்மண்டில் எங்கள் மாடிப்படியில் அயல்வீட்டு வெள்ளைக்காரர் ஹெர் வேபர் காலையில் இறங்கினால் அவருடைய காற்சட்டைப் பை கிலுங்கும். திறப்புக்கோர்வை என்றுதான் ஒரு வருடமாக நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் கைக்குட்டையை இழுக்க, பித்தளைக் கோது ஒன்று விழுந்து, ஒவ்வொரு படியாக உருண்டு என் காலடியில் நின்றது. துவக்குச் சுட்டு முடிய மிஞ்சுமே, அந்த வெறும் கோது. அவர் குனிந்து எடுத்து, ஊதி, "மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் படியின் கைப்பிடியை விடாமல் நின்றேன். பத்து வயதில், யாழ்ப்பாணத்தில், நானும் இப்படி ஒரு கோதைப் பையில் வைத்திருந்தேன். வாயில் வைத்து ஊதினால் விசில் மாதிரிச் சத்தம் வரும். அம்மா கண்டார். அடிக்கவில்லை, ஏசவில்லை. கோதைக் கக்கூசுக் குழியில் போட்டார், காற்சட்டையைத் தோய்த்தார், காய்ந்ததும் பை இரண்டையும் நூலால் தைத்து மூடிவிட்டார். சோதனைச்சாவடியில் ஒரு கோது அகப்பட்டால் ஒரு வீடே அழும் காலம் அது. இரண்டு வருடம் நான் பையில்லாத காற்சட்டையோடு திரிந்தேன்.

ஹெர் வேபர் இரும்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனின் பழைய துவக்கு ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் போட்டுச் சுடும் ரவை இப்போது கடையில் கிடைப்பதில்லை. ஆகவே வேறொரு அமெரிக்கத் துவக்கின் கோதை எடுத்து, கழுத்தை நெருப்பில் காட்டி இளக்கி, இரும்பு அச்சுக்குள் அழுத்தி ஒடுக்கி, நீளத்தை அராவி, பழைய அளவுக்குக் கொண்டுவருவார். இருபது கோதுக்கு ஒரு குளிர்காலம் போனது. மே மாதத்தில் அவருடைய துவக்குச் சூட்டுச் சங்கத்து விழா. அன்றைக்கு அந்தத் துவக்கால் சுட வேண்டும். அடுத்த வருடம் வலது கண் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

பங்குனியில் எங்கள் உடுப்புத் தோய்க்கும் மெஷின் உடைத்துக்கொண்டு, தண்ணீர் முழுக்க அவருடைய கெல்லருக்குள் இறங்கியது. நிலவறையில் கோதுப் பெட்டி ஊறிப்போய்க் கிடந்தது. குற்றம் என்னுடையது. நானே துப்பரவாக்கித் தருகிறேன் என்று வாங்கிவந்தேன். மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"உதை உள்ள கொண்டு வராதேங்கோ."

"உது வெறும் கோதப்பா."

"அங்கயும் எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை."

பித்தளை என்றால் எங்களுக்கு ஒரே வைத்தியம்தான்: புளியும் உப்பும். நான் தேய்த்த விதம் மனைவிக்குப் பிடிக்கவில்லை. பறித்து, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலத் தானே தேய்த்தார். உள்ளே ஈரம் நிற்கக்கூடாதே என்று நான் கேக் சுடும் பக்ஓஃபன் அடுப்பில் இருநூற்றைம்பது பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்தேன். பிறகு ஒருக்கால் துடைத்து, தட்டத்தில் அடுக்கிக் கொண்டுபோனேன். படியில் ஒருவரும் பார்க்கக்கூடாது என்று மனைவி மூடியும் போட்டுவிட்டார்.

ஹெர் வேபர் மூடியைத் திறந்தார். "இன்டரெசான்ட்" என்றார். நல்லாயிருக்கு என்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. எப்படிக் காயவைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். கதிரையில் மெல்ல இருந்துவிட்டார்.

கழுத்து இளகவேண்டும், அடி இறுக்கமாக இருக்கவேண்டும், வெடியைத் தாங்குவது அடிதான் என்றார். அதனால்தான் கழுத்தை நெருப்பில் காட்டும்போது அடியைத் தண்ணீருக்குள் நிறுத்திவைப்பாராம். நான் தலை முதல் கால் வரை அவித்துவிட்டேன். இனி இதை நம்பி முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்க ஏலாது. இருபதும் போச்சு. அவர் கோபப்பட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். "ஆனால் மிகவும் அழகாக இருக்கிறது" என்றார்.

அதன் பிறகு, புதிதாக இருபது கோது செய்து முடிக்க, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கெல்லரில்தான். அவர் அழுத்துவார், நான் அராவி அளப்பேன். இதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டாமா என்று முதல்நாளே கேட்டேன். வெடிமருந்துக்கு வேண்டும், அது தன்னிடம் இருக்கிறது, வெறும் கோதுக்கு வேண்டாம் என்றார். நாய் வளர்க்கவும் பத்திரம் கேட்கிற நாட்டில் கோதுக்கு ஒன்றும் இல்லையாம். நான் நம்பவில்லை. ஒவ்வொருமுறையும் வீட்டுக்குப் போகமுன் பையை வெளியே இழுத்து உதறிவிட்டுத்தான் படியேறினேன்.

கோதின் அடியில் அமெரிக்க எண் வெட்டியிருந்தது. உருவம் மாறிவிட்டது, இதையும் அராவி அழித்துவிடவா என்று கேட்டேன்.

"அடியில் கை வைக்காதே" என்றார் அவர். "எங்கிருந்து வந்தது என்று அங்கே இருக்கட்டும். இப்போது என்னவென்று துவக்குக்குத் தெரியும்."

மே மாதம் புல்வெளியில், பச்சைச் சட்டை போட்ட சங்கத்துக்காரர் நடுவில், காதடைப்போடு நின்றேன். ஹெர் வேபர் குறி பார்த்தார். வெடித்தது. பார்த்தால் நான் புல்லில் குப்புறக் கிடக்கிறேன். எப்போது விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. காதடைப்பும் எங்கோ போய்விட்டது. அவர் துவக்கின் பிடியை இழுக்க, கோது வெளியே பாய்ந்து என் மூக்குக்கு முன்னால் வந்து விழுந்தது. அடியில் அதே எண்.

ஹெர் வேபர் குறிப்பலகையைப் பார்க்கவில்லை. "கோது எப்படி?" என்று என்னைக் கேட்டார்.

விரல் சுடச்சுட உருட்டிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. "கூட், நல்லம்" என்றேன், படுத்தபடியே.

மிச்சப் பத்தொன்பதையும் அவர் சுட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றே பார்த்தேன். முதல் கோதை எனக்கே தந்துவிட்டார். திரும்பி வரும்போது தெருமுனையில் நின்ற பொலிஸ்காரர் அவரைக் கண்டு கையசைத்தார். நானும் ஒரு கையை அசைத்தேன். மற்றக் கை பையைப் பொத்திக்கொண்டிருந்தது.