குடுவைச் செடிகள் இருந்த பால்கனி

கொள்ளேகாலில் பிறந்த மோகனப்ரியா கல்யாணமாகி மைசூருக்கு வந்து, அங்கே ஹெப்பாள் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். புருஷன் சந்தோஷ்குமார் தொழிற்சாலை சூப்பர்வைசர். இரண்டாம் மாடி வாடகை வீட்டின் பால்கனியில் அவள் குடுவைச் செடிகள் வளர்த்தாள். இலை நுனி நரம்பாக நீண்டு இறங்கி, அதன் முனையில் மூடி போட்ட குடுவை தொங்கும். உள்ளே வழுக்கி விழும் எறும்பும் ஈயும் கரைந்து செடிக்கு உணவாகிவிடும்.

முதல் வருஷம் ஒரு குடுவைகூட வரவில்லை. பங்குனி வெயிலில் நுனியெல்லாம் கருகியது. மண்ணைக் கொட்டிவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டுகளில் மாற்றி நட்டாள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினாள். சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். அடுத்த ஆடியில் முதல் குடுவை மூடி திறந்த அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் அவளுக்குக் கரு கலைந்தது. அடுத்ததும் தங்கவில்லை. ஹனூரிலிருந்து மாமியார் சென்னம்மா வந்து கஷாயம் வைத்துக் கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள். துணி காயப்போடப் போன இடத்தில் ஒரு குடுவைக்குள் எட்டிப் பார்த்தவள் வெளிறிப்போய் உள்ளே வந்தாள்.

“ஏங்கண்ணு, அது உசுரத் திங்குற செடி. அதைத் தொங்கவிட்ட ஊட்டுல புள்ள எப்படித் தங்கும்?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்திருந்தாள். சந்தோஷ்குமார் சிரிப்பான் என்று மோகனப்ரியா நினைத்தாள். அவனோ தொட்டிகளைக் கீழே தூக்கிப்போய்க் குப்பை வண்டியில் போட்டான். அவள் தடுக்கவில்லை. ஒருவேளை அத்தை சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாவதும் கலைந்த பிறகு டாக்டரம்மா இருவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். குறை அவனுடைய மரபணுவில் இருந்தது. பிறவியிலேயே வருவது, யார் தப்பும் இல்லை என்றார். சேதி கேட்டுச் சென்னம்மா மகனைப் பார்த்து அழுதாள். பிறகு மருமகளைத் தனியே கூப்பிட்டு, இது வெளியே தெரியக் கூடாது, அவன் மானம் போய்விடும் என்றாள். செடிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குறை மருமகளுக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். சென்னம்மா மறுக்கவில்லை. அவனும் மறுக்கவில்லை.

பெங்களூர் போய்வந்த சந்தோஷ்குமார் ஒருநாள் குடுவைகளோடு ஒரு செடி வாங்கி வந்து மேசைமேல் வைத்தான். அவளுக்குப் பிடிக்குமே என்றான்.

“அன்னிக்குச் செடிமேல பழி போட்டீங்க. இப்ப ஊரே எம்மேல போடுது. ஒரு வார்த்த இல்லீன்னு சொன்னீங்களா?”

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். அவள் செடியைக் கீழ்வீட்டுப் பாப்பம்மாளிடம் கொடுத்துவிட்டாள்.

ஹனூர்ப் பண்டிகைக்கு இப்போது அவன் மட்டும் போகிறான். மருமகள் ஏன் வரவில்லை என்று கேட்டால், ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்கிறானாம்.