பதிவேட்டில் முப்பத்து நான்கு

இக்னேஷியஸ் வாத்தியார் எண்ணுவதில் தவறினார், அதனால்தான் செத்தார் என்று ஊரில் பதினாறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மகன் ஜேசுராஜ் அதைக் கேட்கும்போதெல்லாம் பேசாமல் இருந்தான்.

1930, ஐப்பசி. நசரத்பேட்டைக்கு வடக்கே, சித்தேரிக் கரையின் அடியில் ஓட்டுக் கட்டடம் ஒன்று. அதுதான் பள்ளிக்கூடம். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். வீடு பக்கத்திலேயே. மனைவி தெரசாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவரே உலை வைப்பார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். ஊரார் சிரித்தால் அவரும் சிரிப்பார். கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையை அடித்ததில்லை. பொய் சொன்ன பிள்ளையோடு மட்டும் ஒரு வாரம் பேசமாட்டார். அதற்கு அடியே தேவலை. பள்ளிக்குள் ஜேசுராஜும் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும். 'நைனா'வெல்லாம் வாசலுக்கு வெளியே.

அந்த வருஷம் ஏரி நிரம்பிய பிறகும் ஊராருக்குப் போதவில்லை. உபரி நீர் வழிந்து போகும் கலங்கல்மேல் பனந்துண்டுகளை அடுக்கி, களிமண் அப்பி, இன்னும் இரண்டடி தேக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரையடியில் நீர் கசிய ஆரம்பித்தது. வாத்தியார் அதைத் தினமும் காலையில் ஒரு மைப்புட்டியில் பிடித்து ஜன்னலில் வைத்தார்.

ஏரிக்குக் காவல் இருந்த நாகப்பன் எட்டிப் பார்த்தான். "இன்னா வாத்தியாரே, ஏரிக்கும் பரீட்சை வெக்கிறீங்களா?"

"ஆமா நாகப்பா. தெளிவா வந்தா பாஸு. கலங்கி வந்தா கரைக்குள்ள மண்ண அரிக்குதுன்னு அர்த்தம். கலங்கல்ல வெச்ச மண்ண எடுத்துடுங்கப்பா."

"எடுத்துட்டா? தை மாசம் உங்க மைய ஊத்தியா பயிர் வெக்கிறது?"

திங்கட்கிழமைத் தண்ணீர் தெளிவாக இருந்தது. செவ்வாய்க்கிழமை, புட்டியின் அடியில் ஒரு சிட்டிகை மண் தங்கியது. புதன்கிழமை விடியலிலிருந்தே மழை.

புதன் காலையில் வாத்தியார் கரைமேல் நாகப்பனோடு வாதாடிக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேடு ஐந்தாம் வகுப்பு ஜேசுராஜின் கையில். வரும் வழியில், கூடப் படிக்கும் வடிவு அவனை நிறுத்தியிருந்தாள்.

"இன்னிக்கி நடவு. போகலன்னா எங்கம்மா கொன்னுடும். இன்னும் ஒரு நாள் பள்ளிக்கூடம் வரலன்னா என் பேரை அடிச்சுடுவாங்கோ. வந்ததா ஒரே ஒரு கோடு இழுத்துடு ஜேசு."

அவள் பெயருக்கு நேரே அவன் கோடு இழுத்தான். முப்பத்து நான்கு.

வாத்தியார் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, அன்றைய புட்டியைத் தூக்கிப் பார்த்தார். கூழ் நிறத்தில் இருந்தது. "புஸ்தகத்த விடுங்க. கை கோத்து நில்லுங்க" என்றார். குரல் உயரவில்லை.

கோயில் மேட்டுக்கு எல்லோரையும் ஏற்றினார். தெரசாவும் குழந்தையும் கூடவே வந்தார்கள். மேட்டில் நின்று தலைகளை எண்ணினார். முப்பத்து மூன்று. மறுபடி எண்ணினார். முப்பத்து மூன்று. பதிவேட்டைத் திறந்து பெயர் பெயராகக் கூப்பிட்டார். வடிவு என்றபோது யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தார். மகன் போட்ட கோடு. அதற்குமேல் அவர் யாரையும் கேட்கவில்லை.

"நனையாம வெச்சுக்கோ" என்று பதிவேட்டை ஜேசுராஜிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அவர் இருபது அடி இறங்கும் வரை ஜேசுராஜுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் பேசமாட்டாரே என்ற பயம்தான். பிறகு "ஐயா" என்று கத்தினான். பிறகு "நைனா" என்று கத்தினான். மழையில் அவர் திரும்பவில்லை. அவர் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்தபோது பின்னால் கரையில் பானை வாய் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. அவன் அடுத்துப் பார்த்தபோது கரையும் இல்லை, கட்டடமும் இல்லை.

மத்தியானம் பூந்தமல்லி சாலை வழியாகக் கால் நிறையச் சேற்றோடு வடிவு வந்தாள்.

மூன்றாம் நாள் வாத்தியார் கிடைத்தார். வராத பிள்ளையைத் தேடிப் போனார், பயத்தில் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார் என்று ஊர் பேசியது. அப்படிப் பேசியதில் கலங்கல் மண்ணை எல்லோரும் மறந்தார்கள். வடிவும் வாய் திறக்கவில்லை. அவளை ஆவடியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஜேசுராஜ் படித்து, பொதுப்பணித் துறையில் ஓவர்சியர் ஆனான். தன் கண்ணால் பார்க்காத எந்த அளவையும் எழுதமாட்டான். கூட இருப்பவர்கள் அதைக் கேலி செய்வார்கள்.

1946இல் கல்லறைத் திருநாள் அன்று தெரசா மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். நாகப்பனும் வந்திருந்தான். "நல்ல மனுசன். ஒரு எண்ணிக்கையில தப்பு பண்ணிட்டாரு."

"கணக்கு வாத்தியாருக்கு முப்பத்து மூணு எண்ண வரலையே" என்றாள் தெரசா.

ஜேசுராஜ் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தான். "நைனா சரியாத்தாம்மா எண்ணினாரு. வடிவு அன்னிக்கி வரல. கோடு நான் போட்டது."

நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தெரசா மெழுகுவத்தியை நட்டு முடித்தாள்.

ஒரு வாரம் அவள் மகனோடு பேசவில்லை. எட்டாம் நாள் காலையில் மழை பிடித்தது. அவள் ஒரு மைப்புட்டியைக் கழுவி அவன் கையில் கொடுத்தாள். மறுபடி கட்டிய கரையின் கலங்கலில் அந்த வருஷமும் மண் வைத்திருந்தார்கள்.